கயிற்றுக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பந்தல்

மெர்லிமாவ்,
19 ஆகஸ்ட்

அன்புள்ள ருக்கையாவுக்கு,

மோகனா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். நான் பேனா பிடித்து எத்தனையோ காலமாயிற்று. தபால் உறை வாங்கக் கடைக்குப் போனால், அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கடுதாசியா ஆன்ட்டி? யாருக்கு?" என்று சிரிக்கிறாள். காதல் கடிதம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு என்ன செய்ய? பேரணி முடிந்த நாளிலிருந்து உனக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன சனிக்கிழமை மலாக்கா டவுனுக்கு வந்து உன் துணிக்கடைக்கே போனேன். கல்லாவில் ரிதுவான்தான் இருந்தான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல ஆன்ட்டி, படுத்திருக்காங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஸ்டூலை இழுத்துப் போடுகிற பிள்ளை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். உன் மகன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழில் ஓர் எழுத்து தெரியாது என்று நீ எத்தனை தரம் புலம்பியிருக்கிறாய். இன்றைக்கு அது நமக்கு நல்லதாகப் போயிற்று. பிரித்தாலும் அவனால் படிக்க முடியாது.

உனக்குக் கோபம் என்று புரிகிறது. வாசலில் நடந்தது ஒரு சின்ன விஷயம் ருக்கையா. அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில், ஏதோ அவசரத்தில் நடந்துவிட்டது. அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

கூட்டத்தை நீயும் பார்த்தாய்தானே? நாட்டுச் சட்டம் எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாமல் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று கேட்க இத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தமிழர், சீனர், சர்தார்ஜிகள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் வெள்ளை உடையில் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கல் விழவில்லை, ஒரு கெட்ட வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது குப்பையைக்கூடப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, தொண்டர் படைக்குத் தலைவனான நம் விமலனின் கையைக் குலுக்கினார்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான். உன் கடைக்கு ரவிக்கை தைக்கிற ராகினியைப் பற்றி நீதானே எனக்கு முதலில் சொன்னாய்? பிரிந்துபோன புருஷன் தான் முஸ்லிமாக மாறினதோடு நிற்காமல், அவளுக்குத் தெரியாமல் சின்னப் பிள்ளை ஷாமினியையும் மாற்றிவிட்டான், பெற்றவள் சிவில் கோர்ட்டுக்குப் போவதா ஷரியா கோர்ட்டுக்குப் போவதா என்று தெரியாமல் அலைகிறாள் என்று நீ சொல்லி அழுததால்தானே நான் இந்தக் கமிட்டிக்கே போனேன்?

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அடுத்த பேரணி செப்டம்பர் பதினான்காம் தேதி ஜாசின் திடலில். ஒரு முஸ்லிம் சகோதரி மேடையேறி நான்கு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று கமிட்டியில் எல்லாரும் உன்னைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்டால் நீ வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருவாய்தானே?

உன்,
மோகனா


மலாக்கா,
24 ஆகஸ்ட்

~~அன்புள்ள~~ மோகனாவுக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் போன் ரிதுவானிடம் இருக்கிறது. "கொஞ்ச நாளைக்கும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டான். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

சின்ன விஷயம் என்கிறாய். அந்தச் சின்ன விஷயத்தை நான் பார்த்தபடி எழுதுகிறேன், படித்துப் பார்.

மகனிடம் அலோர் காஜாவில் ஒரு கல்யாண விருந்து என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று நீ சொன்னதால் வெள்ளை பாஜு கூரோங், அதற்கென்றே வாங்கின வெள்ளை முக்காடு. பஸ்ஸில் உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று நின்றுகொண்டே வந்தேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு ஆசை இருந்திருக்காது.

வாசலில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தீர்கள். எனக்கு முன்னால் போன எல்லாருக்கும் கயிற்றைத் தூக்கிவிட்ட உங்கள் விமலன், என்னைக் கண்டதும் இறக்கினான். "மக்சிக், சினி தாக் போலே மாசோக்", இங்கே உள்ளே வரக் கூடாது என்று மலாயில் தடுத்தான். "நான் தமிழ்தான் தம்பி, மோகனா சொல்லித்தான் வந்திருக்கேன்" என்றேன். "அம்மா, சமய அடையாளம் எதுவும் இல்லாம வரணும்னு மெசேஜ்லயே போட்டிருக்கோம்லா. நீங்க இதைப் போட்டுக்கிட்டு..." என்று தன் தலையைச் சுற்றிக் கையால் காட்டினான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி, "இவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றாள். என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

நீ பக்கத்திலேயே நின்றாய், கையில் தொண்டர் பட்டை கட்டிக்கொண்டு. "மோகனா, சொல்லுடி" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னை நன்றாகப் பார்த்துவிட்டு விமலனிடம் திரும்பி, "தண்ணீர்ப் பந்தலுக்கு வந்தவங்கப்பா. அந்தப் பக்கம் அனுப்பு" என்றாய்.

வந்தவங்க! நியாலாஸ் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் உனக்கு வந்தவங்க ஆகிவிட்டாள்.

நான் அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. நம்மவர்கள் நாலு பேர் கூடினால் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுவார்கள், தைப்பூசமானாலும் பேரணியானாலும். அது கயிற்றுக்கு வெளியே ரோட்டோரம் இருந்தது. நான் போய் நின்றதும் ஓர் அம்மா, "வாங்க வாங்க, ஆள் இல்லாம தவிக்கிறோம்" என்று அகப்பையைக் கையில் கொடுத்துவிட்டாள். கூட்டம் முடிகிறவரை சிரப் தண்ணீர் ஊற்றினேன். நாட்டுப் பண் நெகாராகூ பாடினபோது உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் வெளியே அகப்பையோடு நின்று பாடினேன்.

ஒரு சீன இளைஞன், பாவம், பந்தலில் காசு வாங்கமாட்டார்கள் என்று தெரியாது போலிருக்கிறது. குடித்துவிட்டு ஒரு வெள்ளி நோட்டை என் கையில் வைத்து, "தெரிமா காசே ஆன்ட்டி" என்று நன்றி சொல்லி உள்ளே போய்விட்டான். அவனுக்குக் கயிறு உடனே தூக்கப்பட்டது. அந்த நோட்டு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. பள்ளிவாசல் உண்டியலில் போடவும் மனம் வரவில்லை.

விமலன் நெற்றியில் மூன்று கோடு விபூதி. உன் நெற்றியில் வட்டமாகக் குங்குமம். இது எனக்கு அங்கே உறைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. எனக்கு எப்போதும் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வரும்.

அதோடு விட்டீர்களா? மறுநாளே நான் சிரப் ஊற்றுகிற படத்தை உங்கள் பேரணியின் இணையப் பக்கத்தில் போட்டு, "மதம் கடந்து தாகம் தீர்த்த தாய்" என்று எழுதிவிட்டீர்கள். உள்ளே உட்கார விடாதவர்களுக்கு, படம் போட மட்டும் நான் வேண்டியிருந்ததா? அந்தப் படம் சுற்றிச் சுற்றி எங்கள் சூராவில் தொழ வருகிற பெண்கள் கைக்கு வந்தது. அங்கிருந்து ரிதுவானுக்கு. எங்கள் கடையில் துணி எடுக்கிறவர்கள் பாதிப்பேர் மலாய்க் கம்போங் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நோன்புப் பெருநாள் துணிக்கு எப்போதும் வருகிற ஒரு மாமி, கடை வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். ரிதுவான் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா என்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

அந்தப் படத்தை எடுத்தவர் யாரென்று கண்டுபிடித்து எனக்கு எழுது. மேடைக்கு வேறு சகோதரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ருக்கையா


மெர்லிமாவ்,
28 ஆகஸ்ட்

ருக்கையா,

படம் எடுத்தது நான்தான். அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன். உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் குளியலறையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்த பிறகும் வெளியே வர முடியவில்லை. "என்ன, உள்ளயே குடியிருக்கப் போறியா?" என்று உங்க அண்ணன் கதவைத் தட்டுகிறார்.

உன்னைப் பந்தலுக்கு அனுப்பின கொஞ்ச நேரத்திலேயே எனக்கு உள்ளே உறுத்த ஆரம்பித்துவிட்டது. உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம், பத்தடி தூரம்தான். அதைச் செய்யாமல், நீயும் பேரணியில் இருந்தாய் என்று ஆகட்டும் என்று தூர நின்று படம் எடுத்தேன். அந்த வாசகத்தை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது ருக்கையா. நான் எவ்வளவு நல்லவள் என்று எனக்கே தோன்றியது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. படத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போய்ச் சேர்ந்த இடங்களிலிருந்து எப்படி எடுப்பது?

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். முதல் கடிதத்திலேயே அதை எழுதி, பிறகு கிழித்துப் போட்டேன். நிஜம் வேறு. பேரணிக்கு முந்தின நாள், முக்காடு போட்ட ஆட்கள் கூட்டத்துக்குள் புகுந்து கலாட்டா செய்யப் போகிறார்கள் என்று ஒரு மெசேஜ் வந்தது. யார் அனுப்பினார்கள் என்றுகூடப் பார்க்காமல் நானும் அதை நாலு பேருக்குத் தள்ளிவிட்டேன். மறுநாள் நீ வாசலில் நிற்கிறாய். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். "இவ என் சிநேகிதி, உள்ள விடு" என்று சொல்ல வாய் வரை வந்தது. உள்ளே ஏதாவது நடந்தால் மோகனாவின் ஆள்தான் என்று சொல்வார்களே என்று பயந்தேன். உன்னை நான் சந்தேகப்பட்டேனா என்று கேட்டால், அந்த ஒரு நொடி என்ன நினைத்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உன்னையா! எழுதவே கேவலமாக இருக்கிறது. அந்தப் பட்டையைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை விட்டுவிட்டேன்.

சமய அடையாளம் வேண்டாம் என்ற அந்த மெசேஜைத் தமிழில் தட்டினதும் நான்தான். வேல், கொடி, சிலுவை, கோயில் பேனர் எதுவும் வேண்டாம் என்று வரிசையாகப் போட்டேன். பேரணிக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைத்துக்கொண்டே அதை இன்னொரு தரம் அனுப்பினேன். அடையாளம் என்றால் அடுத்தவர்கள் போட்டிருப்பது என்றே இத்தனை வயது வரை நினைத்திருக்கிறேன்.

ஜாசினுக்கு நான் பொட்டு இல்லாமல் வருகிறேன், இது சத்தியம். உங்க அண்ணனிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் உசிரோடதான இருக்கேன்?" என்றார். மேடையைப் பற்றி நான் கேட்டதை மறந்துவிடு. அதை எந்த முகத்தோடு கேட்டேனோ.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மோகனா


மலாக்கா,
4 செப்டம்பர்

மோகனாவுக்கு,

நாகமுத்து அண்ணன் கேட்டது சரிதான். அவர் இருக்கும்போது நீ எதற்கு நெற்றியை அழிக்க வேண்டும்? பொட்டோடுதான் நீ வர வேண்டும். உன்னுடையதை நீ எடுத்தால், என்னுடையதை நான் எடுப்பதுதானே நியாயம் என்று நாளைக்கே ஒருத்தன் சொல்வான். நீ எதையும் எடுக்க வேண்டாம். என்னை என்னுடையதோடு உள்ளே விட்டால் போதும். சட்டமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பெரிய பேச்செல்லாம் எனக்குத் தெரியாது.

படம் எடுத்தது நீதான் என்று எனக்கு முன்பே தெரியும். நீ படம் எடுத்தால் தலையை வெட்டிவிடுவாய், அல்லது காலை. அதில் என் கால் இல்லை. நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

உன்னை இன்னும் திட்டத்தான் தாளை எடுத்தேன். ஆனால் ஒன்றை எழுதாமல் திட்டினால் நான் மனுஷியே இல்லை.

சூராவ் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டி, அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டார்கள். என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? பெற்றவளுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை மாற்றித்தான் என் மார்க்கம் வளர வேண்டுமா, அது மார்க்கத்துக்கே மரியாதை இல்லையே, அதனால்தான் போனேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வேளை தொழுகிறவள் நான், எனக்கென்ன பயம்? ஆனால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "தண்ணி விக்கப் போனேன். ஆர்டர் கிடைச்சுது, அவ்வளவுதான்" என்றேன். நீ சொன்ன பொய்யையே எடுத்து, கொஞ்சம் வியாபாரமும் சேர்த்துச் சொன்னேன். உடனே எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள். ஒருத்தி எனக்குக் கேக் எடுத்துக் கொடுத்தாள். அதைத் தின்றேன் மோகனா.

ரிதுவானிடமும் அதையேதான் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் தைத்த ரவிக்கைகளைக் கொண்டுவந்தாள் ராகினி. பிள்ளையை மாதம் ஒரு தரம்தான் காட்டுகிறார்களாம். கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தது. "அம்மா, அன்னிக்கு உங்களைப் பந்தல்ல பார்த்தேன். எனக்காகத்தான வந்தீங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் ரிதுவான் துணி மடித்துக்கொண்டிருந்தான். "இல்லம்மா, வியாபாரத்துக்கு வந்தேன்" என்றேன். அவள் ரவிக்கைகளை எண்ணி வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நீ செய்ததை உன்னிடம் சொல்லிச் சண்டை போட நான் இருக்கிறேன். நான் செய்ததை யாரிடம் சொல்வது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன், வேறு வழியில்லாமல்.

ஜாசினுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. வந்தால் மேடை வேண்டாம், சகோதரி பட்டம் வேண்டாம். கயிற்றுக்கு உள்ளே, புல்லில், உன் பக்கத்தில் உட்கார வேண்டும். நீ ஒரு பக்கம், ராகினி ஒரு பக்கம். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ருக்கையா


மெர்லிமாவ்,
9 செப்டம்பர்

ருக்கையா,

தபால் போய்ச் சேர வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன். நேற்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். மெசேஜ், வாசல், படம், எல்லாவற்றையும். ஒருவர், "இதெல்லாம் இப்ப எதுக்கு, ஒத்துமை கெட்டுடும்லா" என்றார். விமலன்தான் நெற்றியைத் தடவி, கையில் ஒட்டின விபூதியையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்காட்டோடு வருகிற யாரையும் இனி நிறுத்தமாட்டோம் என்று அவனாகவே சொன்னான்.

சொல்லிவிட்டேன் என்று எனக்கு நிம்மதி வரவில்லை. நான் செய்ததற்கு நானும் ஏதாவது பட்டால்தான் தீரும் போலிருக்கிறது. பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ வா. எப்படியாவது வா.

மோகனா


மெர்லிமாவ்,
16 செப்டம்பர்

என் ருக்கையாவுக்கு,

நீ வந்துவிட்டாய். அதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

ஜாசினில் மலாக்காவைவிடக் கூட்டம் அதிகம். மூவாரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். தம்பின் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரத் தம்பதி பிள்ளைகளோடு வந்து, விமலனிடம் வழி கேட்டு உள்ளே போனார்கள். எல்லாவற்றையும் நான் தண்ணீர்ப் பந்தலிலிருந்து பார்த்தேன். ஆமாம், அன்று நீ நின்ற மாதிரியே நானும் கயிற்றுக்கு வெளியே அகப்பையோடு நின்றேன். பட்டையும் இல்லை, பதவியும் இல்லை. உன்னை நிற்க வைத்த இடத்தில் நானும் நிற்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அது நல்லது என்று நினைத்தேன்.

அதே வெள்ளை முக்காட்டோடு நீ வந்தாய். விமலன் கயிற்றை இவ்வளவு உயரம் தூக்கினான், ஒரு லாரி போகலாம். "வாங்கம்மா" என்றான்.  நீ உடனே உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் பந்தலுக்கு வந்தாய். நான் உனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். நீ குடித்தாய். உன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று என் கையை நீட்டினேன்.

நீ கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "தெரிமா காசே" என்றாய். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய்.

பக்கத்தில் நின்ற பெண், "காசு வாங்கக் கூடாதுக்கா, கூப்பிட்டுக் கொடுங்க" என்றாள். நான் கூப்பிடவில்லை. அந்த நோட்டோடு கூட்டம் முடிகிறவரை தண்ணீர் ஊற்றினேன். நெகாராகூ பாடும்போது எனக்கு வார்த்தை மறந்துபோயிற்று. நீ அன்று என்ன பட்டிருப்பாய் என்று உன் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

எனக்கு இது வேண்டியதுதான். நீ செய்தது சரி, உன்மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. நோட்டை என்ன செய்வது என்று மட்டும் சொல். இனி நமக்குள் கணக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மோகனா


மலாக்கா,
20 செப்டம்பர்

அன்புள்ள மோகனாவுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அன்று என்னைக் கொண்டுவந்து விட்டது ரிதுவான்தான். முந்தின நாள் அவனை உட்கார வைத்து, "நான் தண்ணி விக்கப் போகலடா, உட்காரத்தான் போனேன். நாளைக்கும் போறேன்" என்றேன்.  காலையில் அவனே காரை எடுத்தான்.  திடலுக்கு எதிரே மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, கூட்டம் முடிகிறவரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான். போனையும் கொடுத்துவிட்டான். இருந்தாலும் இதைத் தாளில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ராகினியிடமும் சொல்லிவிட்டேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கே நான் அழுதுவிட்டேன்.

நீ கணக்குப் பார்க்கிறாய். நான் என்ன கேட்டிருந்தேன் மோகனா? நீயும் வெயிலில் நிற்க வேண்டும் என்றா கேட்டேன்? என் பக்கத்தில் உட்கார் என்றேன். எழுதித்தானே அனுப்பினேன்? நீ உன் வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளப் பந்தலில் போய் நின்றுகொண்டாய். முதல் பேரணியில் நான் வெளியே, நீ உள்ளே. ஜாசினில் நான் உள்ளே, நீ வெளியே. அகப்பையோடு உன்னைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் அந்த நோட்டை உன் கையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றுகிறவளாக நின்றால் காசுதானே தருவார்கள். நீ கையை நீட்டினது என் கையைப் பிடிக்க என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

உள்ளே எனக்கு ஒரு பக்கம் ராகினி உட்கார்ந்தாள். இன்னொரு பக்கம் என் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். உட்காரப் புல் இல்லாத கூட்டம் அது. வயசான ஒரு சர்தார்ஜி வந்து கேட்டார், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்து கேட்டாள். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாய், அகப்பையைப் போட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டு, "ஆள் இருக்கு, என் சிநேகிதி வந்துடுவா" என்றேன். எல்லாரும் நம்பி வேறு இடம் பார்த்துப் போனார்கள். கூட்டம் கலைகிறவரை அங்கே என் பைதான் இருந்தது.

அத்தனை பேரிடமும் நான் பொய் சொன்னதாக ஆகிவிட்டது மோகனா.

ருக்கையா